பையக் கீழ வை, நைனா

இன்னாடா நைனா, முதுகுல இன்னா அது? தூரத்துலேருந்து பாத்தப்ப எவனோ கேஸ் சிலிண்டரத் தூக்கிகினு வரான்னு நெனச்சேன். கிட்ட வந்தாத்தான் தெரியுது, நம்மூட்டுப் புள்ள! வா, இப்பிடித் திண்ணைல குந்து. மொதல்ல பையக் கீழ வை. இன்னும் ஆரம்பாக்கத்தையே தாண்டல, அதுக்குள்ள மூச்சு வாங்குது பாரு.

அஞ்சு நாடு, பதினெட்டு நாளு. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா. அதுவும் கொறஞ்ச செலவுல. அப்படித்தான சொன்னே? இன்னொருக்கா சொல்லு. எனக்குக் காதுதான் மந்தம், கணக்கு மந்தமில்ல.

பேக்பேக்கிங்குன்னு பேராம். மூட்ட தூக்கறதுக்கு இவ்ளோ அழகா ஒரு பேரு வெக்கலாம்னு எனக்குத் தெரியாம போச்சே! ஜிஎன்டி ரோட்டுல லாரி கிளீனரா மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் பதினோரு வருசம் போய் வந்தேன். ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஒரு அலுமினியத் தட்டு, ஒரு போர்வ. அவ்ளோதான் என் சொத்து. அதுக்கு எவனும் ஒரு லைக்கு போடல. அப்பால ரோலிங் மில்லுல கம்பி இழுக்கப் போயிட்டேன். அங்கயும் போடல.

சரி, பையில இன்னா வெயிட்டு கீது? தெரியாதா? தெரியாமலா ஏரோப்ளேன் ஏறப் போறே? எந்திரி, நம்ம காயலான் கடைக்குப் போலாம். கும்மிடிப்பூண்டில வேற எதுக்குப் பஞ்சம் வந்தாலும் தராசுக்கு வராது. பழைய இரும்ப நிறுத்து நிறுத்தே பொழச்ச ஊரு இது.

பாத்தியா? பதிமூணு கிலோ நானூறு. உன் டிக்கெட்டுல கையில கொண்டுபோக எவ்ளோ? ஏழு கிலோ. மிச்ச ஆறு கிலோ நானூறுக்கு அவன் தனியா துட்டு புடுங்குவான். டிக்கெட்டு மலிவுன்னு குதிச்சியே, அந்த மலிவு இந்த முள்ளுலதான் குந்திகினு கீது. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு என் ஆயா சொல்லும். ஆயா ஏரோப்ளேன அண்ணாந்து பாத்ததோட சரி. ஆனா அதுங்கிட்ட அந்தக் கம்பெனிக்காரனே கணக்கு கத்துகினு போயிருப்பான் போல கீது.

இப்போ ஒண்ணொண்ணா வெளிய எடு. பையத் தொறந்தா உள்ள ஆறு பை. அதுங்களுக்கு ஜிப்பு. ஒரு பையத் தொறந்தா இன்னும் ரெண்டு சின்னப் பை. இன்னாடா இது, வெங்காயமா? துணி எங்கடா கீது? இது இன்னா, கழுத்துக்குத் தலவாணியா? கழுத்து இன்னா தனியா தூங்குமா? இது? துண்டா! ஏண்டா வழவழன்னு கீது? மைக்ரோஃபைபரா. சீக்கிரம் காயுமாமா. எவ்ளோ? தொள்ளாயிரமா! நைனா, என் தோளுல கீதே ஈரிழைத் துண்டு, இதுவும் பத்து நிமிசத்துல காயும். வெயிலுக்குத் தலப்பா, ஆத்துல கோவணம், ராத்திரில போர்வ, சண்டைல இடுப்புக்கட்டு. உன் துண்டு இதுல எத்தன வேல செய்யும்? துண்டுக்குன்னு ஒரு பை வேற வெச்சிகீறே பாரு, அங்கதான் நீ படிச்சவன்னு தெரியுது.

இடுப்புல ரகசியமா கட்டிக்க ஒரு பணப்பையும் வாங்கிகீறே. நல்லதுதான். சுருக்குப்பையின்னு என் ஆயா முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்தது அதான். அதுல வெத்தலயும் இருக்கும்.

அம்மா குடுத்த எலுமிச்ச ஊறுகாயா? குடு, மோந்து பாக்கறேன். ஆனா நூறு மில்லிக்கு மேல போனா கைப்பைல உட மாட்டான். எண்ணெ, குழம்பு, ஊறுகா எல்லாம் அவனுக்குத் தண்ணிக் கணக்குதான். எங்க மாமன் பினாங்குக்கு ரஜூலா கப்பல்ல போனப்ப ஒரு ஜாடி ஊறுகா, ஒரு மூட்ட கருவாடு, ஒரு ட்ரங்கு பொட்டி. 1926ல கட்டுன கப்பலு. மெட்ராசு, நாகப்பட்டணம், பினாங்கு, சிங்கப்பூருன்னு போய் வந்துகினு இருந்துது. மேல்தட்டுல வெறுந்தரைல பாய் போட்டுப் படுக்கற டிக்கெட்டு. ஆயிரக்கணக்குல ஜனம், ஒருத்தன் கால்மாட்டுல இன்னொருத்தன் தல. 1974ல அதையும் ஒடச்சு இரும்பாக்கிட்டாங்க. கப்பலுக்கும் கடைசில காயலான் கடைதான்! கொறஞ்ச செலவுல கடல் தாண்டறது நேத்து உன் செல்லுல மொளச்ச விஷயமில்லடா.

அது சரி, துட்டு எங்கேருந்து வந்துது? இஎம்ஐயா? தோ பாரு, இத நான் சரியாப் புரிஞ்சுகினனான்னு சொல்லு. சிக்கனமா ஊரு சுத்தறதுக்கு நீ கடன் வாங்கிகீறே. பதினெட்டு நாளு சுத்திட்டு வந்து பதினெட்டு மாசம் கட்டப் போறே. ஒரு நாளுக்கு ஒரு மாசம். கல்யாணத்துக்குக் கடன் வாங்கறவனக் கூட நான் மன்னிப்பேன். அவனுக்கு மொய்யாவது வரும்.

சிரிக்காத. அந்தத் திட்டத்தக் காட்டு. எக்செல்லா? கலர் கலராப் போட்டுகீறே, கோலப் போட்டிக்கு அனுப்பலாம்.

பதினெட்டு நாளுல போக ஒண்ணு, வர ஒண்ணு போச்சு. பதினாறு. எல்ல எத்தன வாட்டி தாண்டறே? தாய்லாந்துலேருந்து லாவோஸ். லாவோஸ்லேருந்து வியட்நாம். அங்கேருந்து கம்போடியா. திரும்ப வியட்நாம். அப்பால மலேசியா. அஞ்சு. ஒவ்வொரு தாண்டலும் ஒரு நாளத் தின்னுடும். வியன்டியான்லேருந்து ஹனோய் போற பஸ்ஸு ஒண்டியே கிட்டத்தட்ட ஒரு முழு நாளு. பதினொண்ணு மிச்சம். நாட்டுக்கு ரெண்டு நாளு, கையில ஒரு நாளு. அந்த ஒரு நாளு வயித்தாலடிக்கு ஒதுக்கி வை. அஞ்சு நாட்டுல அஞ்சு பஸ் ஸ்டாண்டப் பாத்துட்டு வரதுக்கு, மாதவரம் பஸ் ஸ்டாண்டு போதாதா? நாப்பது ரூபாய்ல முடிஞ்சிருமே.

ஹனோய்லேருந்து சைகோனுக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்துகீறியே, அது இன்னா தூரம் தெரியுமா? ரயில்ல 1,726 கிலோமீட்டரு. நம்ம சென்ட்ரல்லேருந்து ஹவுரா போறத விட ஜாஸ்தி. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இங்க நிக்காம தடதடன்னு போவுதே, அதுல ஏறுனா ஹவுராப் பக்கத்து ஷாலிமாரு போவ ஒரு நாளு பூரா ஆவும். நான் லாரில போனப்ப நாலு நாளு அஞ்சு நாளு ஆவும். நீ அத ஒரு கட்டத்துக்குள்ள மஞ்ச கலருல அடைச்சுட்டே.

இன்னொண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. வியட்நாம்லேருந்து கம்போடியா போயி, ஏன் திரும்ப வியட்நாம் வரே? சைகோன்லேருந்து மலேசியாவுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு மலிவா? சரி. அந்த வியட்நாம் விசா எவ்ளோ? இருவத்தஞ்சு டாலரா. அதுல எத்தன வாட்டி உள்ள உடுவான்?

இன்னா, செல்ல நோண்டறே? மூஞ்சி ஏன் சுருங்குது? ஒருக்காதான் போட்டுகீதா? அதத்தான நானும் கேட்டேன். சினிமாக் கொட்டாய்ல இடைவேளைக்கு வெளிய போறவன் கூட பாஸ் கேட்டு வாங்கிகினு போவானே! வெளிய கால வெச்சா அந்தச் சீட்டு தீந்துது. பலதரம் போய் வரணும்னா அம்பது டாலரு விசா. நான் பாஸ்போர்ட்டப் பாத்தவன் கூட கெடையாது. லாரிக்குப் பர்மிட்டுப் பாத்தவன். போறதுக்கு மட்டும் பர்மிட்டு வெச்சிருந்து திரும்பி வரப்ப முழிச்சவனுங்கள எவ்ளோ பாத்துகீறேன் தெரியுமா?

பாஸ்போர்ட்டுல தேதி பாத்தியா? ஆறு மாசமாவது உசிரு இருக்கணும். கீதா, சந்தோசம். தாய்லாந்துக்கு விசா வேணுமா வேணாமான்னு கெளம்பறப்ப ஒருக்கா பாத்துக்க, அதோட 2025 மே மாசத்துலேருந்து போறதுக்கு முன்னாடியே செல்லுல ஒரு அட்ட நெரப்பச் சொல்றான். அதுக்குக் காசு கெடையாது. காசு கேக்கறவன் டுபாக்கூரு. எனக்கு எப்படித் தெரியுமா? டீக்கடைல குந்திகினு கீறவனுக்குத் தெரியாத நாடு ஏதுடா!

ஏன் போறேன்னு உங்க அம்மா கேட்டதுக்கு, உன்னையே நீ தேடிக் கண்டுபுடிக்கப் போறேன்னு சொன்னியாமே. எப்போடா காணாம போனே? நேத்து ராத்திரி கூட அஞ்சு தோச தின்னியே.

மொறைக்காத, மொறைக்காத. ஊரு சுத்தறதத் தப்புன்னு நான் சொல்லல. உள்ளூரப் பாக்காதவன் வெளியூரு போவக் கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு கல்லுல நிக்குது, அத நீ பாத்தியான்னு கேட்டா நீயும் பாத்திருக்க மாட்டே, நானும் அறுவது வயசுக்கு மேலதான் பாத்தேன். அந்தக் கணக்கப் பாத்தா எவனுமே வூட்ட உட்டுக் கெளம்ப முடியாது.

ஆனா கெளம்பறதுல ஒரு லட்சணம் கீது. ஏனுகுல வீராசாமின்னு ஒருத்தரு. பட்டணத்து சுப்ரீம் கோர்ட்டுல துபாஷி. 1830 மே 18ந் தேதி தண்டையார்பேட்ட தோட்டத்துலேருந்து காசிக்குக் கெளம்பறாரு. மொத நாளு எதுவரைக்கும் போனாரு சொல்லு? மாதவரம்! இன்னிக்கு ஆந்திரா பஸ்ஸு கெளம்புதே, அதே மாதவரம். ராத்திரி அங்க போயி எறங்கிட்டாரு. கூட நூறு பேரு போல, கூடாரம், பல்லக்கு. சிக்கனமே கெடையாது, அத நான் ஒத்துக்கறேன். ஆனா பதினஞ்சு மாசம் போனாரு. போற எடத்துல எல்லாம் எழுதறாரு. இந்த ஊருல அரிசி கெடைக்கும், இங்க தண்ணி உப்பு, இங்க எறங்க எடம் கீது, இந்தாண்ட கடையே இல்ல. அடுத்து வரவனுக்கு ஒதவணும்னு. தெலுங்குல எழுதுனது, 1838ல புஸ்தகமா வந்துது. நம்ம பக்கம் பாதி சனம் தெலுங்கு பேசறதுதான, படிச்சுக் காட்டச் சொல்லு. அதுல அவரு மூஞ்சி ஒரு பக்கத்துல கூட வராது. உன் வீடியோல உன் மூஞ்சி தவுர வேற இன்னாடா வருது? பின்னாடி கோயிலு கீதா கொளம் கீதான்னு எட்டி எட்டிப் பாக்க வேண்டிகீது.

கோட்டையூரு ஏ. கே. செட்டியாரு இன்னொருத்தரு. 1937லேருந்து மூணு வருசம், ஒரு லட்சம் மைலு சுத்துனாரு. எதுக்கு? காந்தியப் புடிச்ச படச்சுருளு எங்கெங்க கீதுன்னு தேடி. அம்பதாயிரம் அடி சேத்து, 1940ல படமாக் காட்டிட்டாரு. அவரு நாட்ட எண்ணல, சுருள எண்ணுனாரு. நீ இன்னாத்த எண்ணப் போறே?

மூட்ட தூக்கறது எப்படின்னு தெரிஞ்சிக்கணும்னா வெளிநாட்டுக்காரன் வீடியோ எதுக்கு? சாயங்காலம் நம்ம டேசனுக்குப் போயி நில்லு. சென்ட்ரல்லேருந்து வர லோக்கல்ல எறங்குவான் பாரு, பீகாருப் பையன், ஒடிசாப் பையன். உன் வயசுதான். தோளுல ஒரு பை. கையில மூடி போட்ட இருவது லிட்டரு பெயிண்டு பக்கெட்டு. ரயில்ல எடமில்லன்னா அது மேலயே குந்திகினு ரெண்டு நாளு வருவான். ரூமுக்கு வந்தா அதுல தண்ணி புடிச்சிக் குளிப்பான். துணி ஊற வெப்பான். ஞாயித்துக்கெழம அதையே கவுத்துப் போட்டு மேல சீட்டாடுவான். மூணு பாஷ தாண்டி வந்துகீறான், அவனுக்கு எக்செல்லும் இல்ல, கழுத்துத் தலவாணியும் இல்ல. அந்த பக்கெட்டு வெல எவ்ளோன்னு கேட்டியா? சும்மா. பெயிண்டு அடிச்சவன் தூக்கிப் போட்டது.

அப்பால நம்ம ஊரு முகாமு. சிலோன்லேருந்து வந்தவங்க. அவங்களும் ஒரு பையோடதான் கடல் தாண்டுனாங்க. அதப் பத்தி அவங்க பேச மாட்டாங்க. நாமளும் கேக்க வேணாம்.

இன்னா, மூஞ்சி தொங்கிடுச்சு? போவாதன்னா சொன்னேன்? போ. ரெண்டு நாட்ட ஒழுங்காப் பாரு. மலேசியாவும் தாய்லாந்தும் ரயிலு, பஸ்ஸுலயே சேத்துப் போலாம். மாமன் எறங்குன பினாங்கு வழியிலயே கீது, அங்க ரெண்டு ராத்திரி தங்கு. நம்ம பாஷ பேசறவன் சோறு போடுவான், வழியும் காட்டுவான். துட்டு இன்னும் பத்தலன்னா நேப்பாளம் போ, ஓட்டர் அட்டையே போதும், பாஸ்போர்ட்டு கூட வேணாம். கடன அரைவாசியாவது கொற.

கெளம்பறதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கெழம, இதே பைய மாட்டிகினு கவரப்பேட்ட வரைக்கும் நட. பஸ்ஸு ஏறக் கூடாது. நடுவுல எங்க பைய எறக்கி வெக்கறியோ, அங்கயே குந்தி அதத் தொறந்து, எது எது வேணாம்னு பாரு. நான் சொல்ல மாட்டேன், உன் தோள்பட்ட சொல்லும்.

எங்கடா எந்திரிக்கறே? இப்பவே கொறைக்கப் போறியா? அதுவும் நல்லதுதான். தலவாணிய உங்க பாட்டிக்குக் குடு, கழுத்து வலின்னு பொலம்பிகினு கீது. ஊறுகாய இங்கயே வெச்சிட்டுப் போ, கெட்டுப்புடும். அந்தத் தொள்ளாயிரம் ரூபா துண்டையும் குடுத்துட்டுப் போ நைனா. மூக்குக் கண்ணாடி தொடைக்க ஒண்ணு தேடிகினே இருந்தேன்.