பசியாறிட்டுப் போங்க!

ஈப்போவில் எந்தத் தாமானுக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். நாலு சந்து தாண்டுவதற்குள் ஒரு தோட்டத்துப் பாட்டி அகப்பட்டுவிடுவார். ஆயுளில் பாதியைப் பால்வெட்டில் கழித்தவர். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானதும் மகனோடு டெரஸ் வீட்டுக்குக் குடிவந்தவர். இப்போது அவருக்கு ஒரே வேலைதான்: பேரப்பிள்ளைகளுக்கு வாசல் பாடம் எடுப்பது.

கிரில் கதவுக்கு வெளியே தலை தெரிந்தால், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "யாரோ வந்திருக்காங்க" என்று கத்துவது பெருங்குற்றம். எழுந்து போய் "வாங்க" சொல்ல வேண்டும். மலாய்ப் பெரியவர் பாக்சிக், கைகொடுத்துச் சலாம். சீனர் அங்கிள். தமிழரென்றால் உறவைப் பாட்டியே தோண்டி எடுப்பார். சுங்கை சிப்புட்டிலிருந்து பாகான் செராய் வரை எந்தத் தோட்டத்தின் பேரைச் சொன்னாலும் அங்கே அவருக்கு ஒரு சித்தப்பா கிடைப்பார்.

ஒருநாள் புல் வெட்டுகிறவர் வந்தார். "பாட்டி, பங்ளா வந்துட்டான்!" என்றான் பேரன். பாட்டி கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னா பங்ளா? அண்ணன் வந்திருக்காருன்னு சொல்லு. நமக்கும் ஒரு காலத்துல ஏதேதோ பேரு வச்சுத்தான் கூப்பிட்டானுங்க."

அண்ணனுக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்கு வங்காளம் தெரியாது. "சூடா மாக்கான்?" என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டாயிற்று என்று அவர் சொன்ன பொய் எடுபடவில்லை. மைலோவும் இரண்டு தோசையும் உள்ளே போகும்வரை புல் அப்படியே வளர்ந்துகொண்டிருந்தது.

பார்சல் பையன் பாடு இன்னும் மோசம். நிற்க நேரமில்லாதவன், ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். அவனுக்கென்றே பேத்தி ரோஸ் சிரப்பில் ஸ்ட்ரா போட்டு வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் பழைய அடிமைப் புத்தி என்று மகனுக்கு எண்ணம். அது அப்படியில்லை. அடிமைப் புத்தி மேலே இருப்பவரை மட்டும்தான் கும்பிடும்; அதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்து காஜா பக்கம், கெல்லி காசலுக்கு அருகில் இருக்கும் மாரியம்மன் கோவிலில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பில் தொப்பி போட்ட ஒருவரும் நிற்கிறார்; கெல்லி ஸ்மித் துரைதான் என்பார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பளத்தோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். பாட்டியின் அப்பா பேராக்கில் அப்படி இறங்கி இறங்கியே காலம் தள்ளியவர்.

"அது பயத்துல இறங்குனது. இது நானா எந்திரிக்கிறது," என்பார் பாட்டி. மகன் பதில் பேச மாட்டார். அவர் கட்சிக் கிளையில் ஏதோ பொறுப்பில் இருக்கிறார். அங்கே எழுந்து நிற்பதற்குத்தான் கூட்டமே நடக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு மகன் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. டத்தோ வருவதாகச் சொல்லியிருந்தார், பன்னிரண்டு மணிக்கு. வந்தது ஒன்றரைக்கு. அதற்குள் சோபா நிறைந்துவிட்டது: புல் வெட்டும் அண்ணன், கேஸ் தோங் தூக்கிவரும் அங்கிள், பக்கத்து வீட்டு மாக்சிக். மகன் கண்ணாலேயே ஜாடை காட்டினார். அண்ணனுக்குப் புரிந்தது, எழுந்தார். பாட்டி தோளை அழுத்தி உட்கார வைத்து இன்னொரு அச்சு முறுக்கை நீட்டினார்.

பேரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து துண்டால் துடைத்துப் போட்டான். "வாங்க டத்தோ. பசியாறிட்டீங்களா?" டத்தோ சிரித்தபடியே உட்கார்ந்தார், நாற்காலிதான் கொஞ்சம் முனகியது. படம் பிடிக்க வந்தவர் சோபாவைக் காலி செய்யச் சொன்னதற்கு, "அவங்கதான் முதல்ல வந்தாங்க" என்றாள் பேத்தி, பாட்டியின் குரலிலேயே.

எல்லாரும் போனபின் மகன் வெடித்தார். "அடுத்த வருஷம் டத்தோவுக்குத் தனியா ஒரு நேரம் வைக்கணும்மா!"

"வையேன்," என்றார் பாட்டி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "கொஞ்சம் வெள்ளனா வரச் சொல்லு. சோபா கிடைக்கும்."