உடைந்த பளிங்கில் வரலாறு எழுதுவது எப்படி?

உள்ளங்கை அளவில் ஒரு பளிங்குத் துண்டு போதும். பெரிய கல்லுக்கு ஆசைப்படாதீர்கள். முழுசாகக் கிடைத்த கல்வெட்டைப் படித்து முடித்தால் வேலையும் முடிந்துவிடும். ஏழெட்டு எழுத்து மட்டும் மிஞ்சிய துண்டில்தான் ஆயுளுக்கும் உத்தியோகம் இருக்கிறது.

துண்டுக்கு ஏதென்ஸின் அகோராவுக்குப் போங்கள். அமெரிக்கர்கள் 1931 முதல் தோண்டிவரும் பழைய சந்தைத் திடல் அது. பிற்காலத்தார் மதிலோ கிணறோ வீட்டுச் சுவரோ, எது கட்டினாலும் ஏதென்ஸ் மக்களாட்சியின் தீர்மானங்கள் வெட்டிய கற்களைத் தாராளமாக உள்ளே வைத்துப் பூசியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், உங்களுக்குப் பிழைப்புக் கொடுத்தவர்கள். கண்டெடுத்ததைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. கிரேக்கச் சட்டப்படி கல் அரசின் சொத்து, விளக்கம் மட்டுமே உங்களுடையது.

படி எடுக்க மை வேண்டாம். தடித்த தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, தூரிகையால் நன்றாக அடித்து, காய்ந்ததும் உரித்தெடுங்கள்.

அடுத்தது இட்டு நிரப்புதல். பொ.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் சிற்றுளிக்காரர்கள் பல கல்வெட்டுகளில் கட்டம் போட்டது போல வரிக்கு இத்தனை எழுத்து என்று வெட்டினார்கள். காணாமல் போனவை எத்தனை என்று எண்ணிவிடலாம், அவை எவை என்பது உங்கள் கைவண்ணம். நிரப்பியதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்பது விதி. வாசகர் இரண்டாம் பக்கத்தில் அடைப்பை மறந்துவிடுவார். பத்து வருடத்தில் நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

பிறகு ஒரு சண்டை தேடிக்கொள்ளுங்கள். எகெஸ்தா நகரத்தோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கைதான் இதில் பாடப்புத்தகம். ஆண்டைக் காட்டும் அதிகாரியின் பெயரில் தெளிவாக மிஞ்சியவை கடைசி இரண்டு எழுத்துகள். ஹாப்ரோன் என்று நிரப்பினால் பொ.மு. 458/7, ஆன்டிஃபோன் என்றால் 418/7. நாற்பது ஆண்டு! சிக்மா என்ற எழுத்தை மூன்று கோட்டில் வெட்டும் வழக்கம் 446 வாக்கிலேயே ஒழிந்தது என்பது பெரியவர்கள் வாக்கு. இந்தக் கல்லில் இருப்பதோ மூன்று கோடு, ஆகவே 418 ஆகவே ஆகாது என்றார்கள். வரலாற்றாளர் ஹெரால்ட் மாட்டிங்லி 1960களிலிருந்து மறுத்துக்கொண்டே இருந்தார், கேட்பாரில்லை. 1990இல் மார்ட்டிமர் சேம்பர்ஸ் குழு லேசர் ஒளி பாய்ச்சிப் பார்த்து, ஆன்டிஃபோன்தான் என்றது. அந்த மூன்று கோட்டை நம்பி ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கணக்கில் எழுதப்பட்டிருந்த பேரரசு ஆணைகளில் சில, அவர் இறந்த பிறகு வந்தவையாக இருக்கலாம் என்றாயிற்று. ஒரு சிக்மாவுக்கு இதைவிட என்ன செல்வாக்கு வேண்டும்?

கல்லே கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். கூட்டாளி நகரங்கள் ஏதென்ஸுக்குக் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்குப் போனது. 454/3 முதலான அந்தக் கணக்கை வெட்டிய பெருங்கல் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்து, ஒட்டப்பட்டு, ஏதென்ஸின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் ஓர் ஆண்டின் பட்டியலைக் காணோம். கப்பமே வாங்கவில்லையா, வாங்கியும் எழுதவில்லையா, எழுதிய இடம் உடைந்துபோயிற்றா என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இல்லாத பட்டியலுக்கு இவ்வளவு மரியாதை என்றால் உங்கள் எட்டெழுத்துக்கு என்ன குறை?

2022இல் வந்த இதாக்கா என்ற கணினி நிரலும் விட்டுப்போன எழுத்துகளை நிரப்புகிறது. அதற்குப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது அகோராவின் மண்வெட்டிக்கு. உங்கள் கல்லோடு விளிம்பு பொருந்தும் அடுத்த துண்டு வெளியே வருவதற்குள் புத்தகத்தை அச்சேற்றிவிடுங்கள்.