ஐம்பதில் தொடங்குகிறவர்

இவரோடு நீங்களும் ஓட்டலுக்குப் போயிருப்பீர்கள். தட்டு வருவதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிடும்: "பையன் சுறுசுறுப்பா இருக்கான் சார். இன்னிக்கு இவனுக்கு அம்பது ரூபா." மேசையில் எல்லோருக்கும் கேட்கும்; சர்வருக்கு மட்டும் கேட்காது. கேட்காததும் நல்லதுதான்.

தண்ணீர் வரத் தாமதம். நாற்பது. கேட்டது வெந்நீர், வந்தது பச்சைத் தண்ணீர். முப்பத்தைந்து. நெய் ரோஸ்ட்டில் முறுகல் போதவில்லை. அது தோசை மாஸ்டர் செய்த குற்றமாயிற்றே, கொண்டு வந்தவர் என்ன செய்வார் என்று நாம் வாயைத் திறந்தால், "பாத்து எடுத்துட்டு வரணும் சார்" என்பார். முப்பது. கேட்காமலே சாம்பார் வந்து ஊற்றப்படும். இதற்காவது ஏற்றுவார் என்று நம்பிக்கொண்டிருப்போம். "எதையோ எதிர்பார்த்துத்தான் ஊத்தறான், கவனிச்சீங்களா?" என்று இருபதுக்கு இறக்குவார். காபி ஆறிவிட்டது. இவர் பேசிக்கொண்டே இருந்ததால்தான் ஆறியது என்பது கணக்கில் வராது. பத்து.

நடுவே விசாரணை வேறு. "தம்பி எந்த ஊரு?" திருவண்ணாமலைப் பக்கம் என்று பதில் வந்த காலம் போய், இப்போது அஸ்ஸாம், ஒடிசா என்கிறார்கள். இவர் விடமாட்டார். தூர்தர்ஷனில் பிடித்துக்கொண்ட இந்தியில் சம்பளம், தங்குமிடம், ஊரில் எத்தனை பேர், தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பது வரை கேட்டு முடித்து உச்சுக்கொட்டுவார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "தங்க இடம் குடுக்கறாங்க, சாப்பாடும் குடுக்கறாங்க. அப்புறம் என்ன செலவு இவனுக்கு?" இன்னும் ஐந்து குறையும்.

சோம்போடு பில் வந்ததும் சட்டம் பேசுவார். "சர்வீஸ் சார்ஜ் கட்டாயமாப் போடக் கூடாதுன்னு 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு. டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சுல அது சரின்னு சொல்லிடுச்சு. தெரியுமில்ல?" தெரியும். நாம் உட்கார்ந்திருக்கும் டிபன் கடை பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி என்றைக்குமே இருந்ததில்லை என்பதும் தெரியும். அதில் இருப்பது மத்திய ஜிஎஸ்டி இரண்டரை, மாநில ஜிஎஸ்டி இரண்டரை, ஆக 5 சதவீதம். விருப்பப்பட்டுக் கொடுப்பதை அந்த உத்தரவு தடுக்கவில்லையே என்று சொல்லிப் பாருங்கள். "அதான் சார், விருப்பம்!" என்று முகம் மலர்ந்துவிடுவார்.

முன்பெல்லாம் மீதிச் சில்லறையைக் கிளறி அந்த ஐந்து ரூபாய் நாணயத்தையாவது விட்டுவிட்டு எழுந்திருப்பார். க்யூஆர் அட்டை வந்து அதையும் மிச்சப்படுத்திவிட்டது. "கையில சில்லறையே வச்சுக்கறதில்ல தம்பி, எல்லாம் ஜிபேதான்."

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். சர்வரை இவர் "டேய்" என்றோ விரலைச் சொடுக்கியோ கூப்பிட்டதே இல்லை. மேசை துடைக்க வரும் அம்மாவுக்குத் தன் தட்டைத் தானே நகர்த்தி வைப்பார். நூறு ரூபாயை வீசிவிட்டு அதட்டுகிற ஆசாமிகளைப் பார்க்கும்போது, இவரே தேவலை என்று தோன்றும்.

ஆனால் பட்டா மாற்றலுக்கு அலைந்தபோது இதே மனிதர் என்ன செய்தார்? யாரும் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே கவரை நீட்டினார். அங்கே தாமதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. தாமதமாக ஆக, கவர்தான் கனத்தது. உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு, தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று அங்கே யாரையும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் இஷ்டம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்க்கிற ஒருவரிடம் மட்டும் கொள்கை ஞாபகம் வருவானேன்?

கூடப் போகிற நம் பாடுதான் திண்டாட்டம். வாசல்வரை வந்துவிட்டு, கைக்குட்டையை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடவேண்டும். இவர் எதிரில் கொடுத்தால் வீடுவரை பிரசங்கம் கேட்கவேண்டியிருக்கும்.

ஆகவே இவரோடு சாப்பிடப் போகிறவர்கள் இருபது ரூபாய்த் தாள் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பில் தொகையோடு சேர்த்து க்யூஆரில் போட்டால் அது கடைக் கணக்குக்குத்தான் போகும். கை கழுவப் போகிற சாக்கில், பரிமாறியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.