ரத்தக்காட்டேரியால் வந்த வினை

1970களின் தொடக்கம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் என்பவர் நண்பர்களைக் கூட்டிவைத்து, மேசைமேல் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை ராஜ்ஜியத்தை விளையாட்டாக நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் ரத்தக்காட்டேரி வேஷம் கட்டினார். பெயர் சர் ஃபேங். நாளாக ஆக, அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

‘கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆர்னசனோ அவரை அடக்குவதற்கென்றே காட்டேரி வேட்டையாடும் பாதிரியார் ஒருவரை இறக்கிவிட்டார். டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் சிலுவையோடு வருவாரே, அந்தச் சாயல். இன்றைக்குக் காயத்துக்கு மருந்து போடும் சாதுவாக எல்லாரும் மதிக்கும் அந்தப் பாதிரியார், பிறந்தது அடியாளாகத்தான்.

1974இல் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டபோது ஆடுகிறவர் எடுத்துக்கொள்ளத் தொழில்கள் மூன்றே: வீரன், மந்திரவாதி, பாதிரியார். கூர் ஆயுதம் பாதிரியாருக்கு ஆகாது, கதாயுதம் ஆகும். மண்டையைப் பிளந்தால் ரத்தம் வராது என்று யாரோ மனதார நம்பியிருக்கிறார்கள். முதல் லெவலில் அவருக்கு ஒரு மந்திரம்கூடக் கிடையாது, வெறும் பக்திதான். மந்திரவாதிக்கு நாளைக்கு ஒன்று. அதைச் சொல்லி முடித்தால் அன்றைய மிச்சப் பொழுதுக்கு அவர் வேலை வீரனின் முதுகுக்குப் பின்னால் நிற்பது. அடுத்த லெவலுக்கு வீரனுக்கு 2000 புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500 வேண்டும். இளமையில் வறுமை, பின்னால் நெருப்பு மழை! கைகாக்ஸ் கணக்கில் சமநிலை என்பது இதுதான். மந்திரவாதி அதுவரை பிழைத்துவிட்டால், அப்புறம் வீரன் பந்தம் பிடித்துக்கொண்டு கூட நடக்கவேண்டியதுதான்.

1975இல் ‘கிரேஹாக்’ இணைப்பு நூலோடு திருடன் வந்தான். அதுவரை சுவர் ஏறுவதும் பதுங்குவதும் எல்லாரும் செய்த காரியம். திருடனுக்கென்று சதவீதம் எழுதினார்களோ இல்லையோ, மற்றவர்களுக்குக் கைகால் வராமல் போனது. அவனாவது உருப்பட்டானா? நிழலில் ஒளியும் வாய்ப்பு தொடக்கத்தில் 10 சதவீதம். தொழில்முறைத் திருடன், பத்து முறை ஒளிந்தால் ஒன்பது முறை மாட்டிக்கொள்வான்!

எல்லாருக்கும் மருந்து போடும் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போகவே, 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு பாதிரியாருக்குச் சலுகையை அள்ளிக் கொட்டியது. அவர் வீரனைவிட நன்றாகச் சண்டை போட ஆரம்பித்தார். காட்டுச் சாமியாரான ட்ரூயிட் வளர்த்த பிராணிகூட வீரன் பிழைப்பில் மண்ணைப் போட்டது. 2008இல் நான்காம் பதிப்புக்காரர்கள் மனம் வெறுத்து, சத்துணவில் ஆளுக்கொரு முட்டை என்பதுபோல் எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவில் திறன்களைப் பங்கு வைத்தார்கள். அரை நூற்றாண்டு வரலாற்றில் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தது அவர்கள்தான் என்பேன். ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்’ என்று ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள்.

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் 20ஆம் லெவலை எட்டும் வீரன் ஒரே மூச்சில் நான்கு முறை வாள் வீசலாம். மந்திரவாதி 17ஆம் லெவலிலேயே ‘விஷ்’ மந்திரத்தைச் சொல்லி, வேண்டியதை வரமாகக் கேட்கலாம்.