ஒரு மணித்தியாலத் துப்பறிவாளர்

கம்பளையில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஏதோவொரு தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்று, ஈ.பி.எஃப். காசில் டவுனை அண்டிப் பத்து பேர்ச் காணி வாங்கி, என்றைக்கோ வரப்போகும் மேல்மாடிக்குக் கம்பி நீட்டிவைத்த வீடொன்றைக் கட்டிக் குடியேறியவர். காலையில் பத்திரிகை, பத்து மணிக்குப் பிளேன்டீ, பதினொன்றுக்குக் கொலை. கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய லெப்டொப்பை மேசையில் விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாசல் கதவையும் சாத்திவிட்டு விசாரணையைத் தொடங்குவார். டீமேக்கர் ஐயா என்றே அவரைச் சொல்வோம். ஊரும் அப்படித்தான் சொல்கிறது.

விசாரணை என்பது படத்துக்குள் பொருள் தேடும் மர்ம விளையாட்டு. திரையில் பழைய மாளிகையின் அறை ஒன்று வரும். அறை என்பது பேருக்குத்தான். பத்துக் குடும்பம் ஒரே நாளில் வீடு மாறியதுபோல் சாமான் குவிந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல்: குடை, சாவி, கத்தரிக்கோல், ஆந்தை, மெழுகுவர்த்தி. குடை திரைச்சீலையின் மடிப்போடு மடிப்பாக ஒட்டி நிற்கும். ஆந்தை சுவர்த்தாளின் பூவேலைக்குள் இருந்து விழிக்கும். தேடித் தொட்டால் மறையும். பட்டியல் தீர்ந்தால் கதை ஓரடி நகரும்: சீமாட்டி எப்போது காணாமல் போனாள், நாட்குறிப்பின் கிழிந்த பக்கம் எங்கே, தோட்டக்காரன் ஏன் முழிக்கிறான்.

தேடுவதில் ஐயாவை வெல்ல ஆள் கிடையாது. வாழ்நாளெல்லாம் வெள்ளைத் தட்டில் கொட்டிய தூளுக்குள் குச்சியும் நாரும் பொறுக்கிய கண் அது. கண்டபடி தட்டுகிறவர்களுக்குச் சில விளையாட்டுகள் நேரத்தை வெட்டித் தண்டனை கொடுக்கும். அதை அவர் மனதார ஆதரிக்கிறார். "ஹிண்ட்" என்ற உதவிப் பொத்தானை அவர் தொட்டதே இல்லை என்பது தேத்தண்ணிக் கடையில் நிலவும் செய்தி. வீட்டில் நிலவும் செய்தி வேறு.

இந்த வகைக்கு ஊருலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது சியாட்டிலில் இருக்கும் பிக் ஃபிஷ் என்ற கம்பனி. 2005இல் "மிஸ்ட்ரி கேஸ் ஃபைல்ஸ்" வரிசையை "ஹன்ட்ஸ்வில்" என்ற விளையாட்டோடு தொடங்கினார்கள். மறுவருஷம் "ரேவன்ஹர்ஸ்ட்" வந்தது. வாங்குவதற்கு முன் ஒரு மணித்தியாலம் இலவசமாக விளையாடிப் பார்க்கலாம் என்பது கம்பனி காட்டிய தாராளம். அந்தத் தாராளம் கம்பளை வரைக்கும் வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அறுபதாவது நிமிடம் திரை நின்று காசு கேட்கும். ஐயா கொடுக்க மாட்டார். கடனட்டை இல்லாதது ஒரு காரணம், கொள்கை மறு காரணம். "மாதிரிக்கு ஒரு கோப்பை குடிச்சாலே போதும், தம்பி. பெட்டி முழுக்கக் குடிச்சுப் பார்த்துத்தான் ஏலத்தில விலை சொல்றாங்களா?" என்று கேட்பார். மூடிவிட்டு, நடுச்சாமத்து மலிவு டேட்டாவில் அடுத்ததை இறக்குவார். இப்படியே வருஷக்கணக்காக நடந்ததில் அவரிடம் ஓர் அபூர்வமான அறிவு சேர்ந்துவிட்டது. யார் யார் எந்த மாளிகையில், எந்த நிலவறையில், எந்த மழையிரவில் செத்தார்கள் என்பது அத்தனையும் தெரியும். கொன்றது யார் என்று ஒன்றுகூடத் தெரியாது.

தெரியாதது அவருடைய அபிப்பிராயங்களைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை. தேயிலைக்குப் போட்ட தரத்தையே விளையாட்டுக்கும் போடுகிறார். படம் கண்ணைப் பறித்துக் கதையில் ஒன்றுமில்லாவிட்டால் அது ஓ.பி.: இலை நீளம், சாயம் இறங்காது. போனில் வருகிற, நிமிடத்துக்கொரு விளம்பரம் காட்டுகிற சரக்கெல்லாம் டஸ்ட்: சாயம் உடனே இறங்கும், வாசம் இருக்காது. ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்த நகல்கள் ரெஃபியூஸ் டீ. "ரேவன்ஹர்ஸ்ட்" மட்டும் பி.ஓ.பி. கிழிந்த நாட்குறிப்பைத் துண்டு துண்டாகச் சேர்ப்பதும், சக்கரமும் சங்கிலியும் கோர்த்த அந்த விசித்திரக் கதவுப் பூட்டுகளும் அவருக்கு ரோலர் அறையை நினைவூட்டியிருக்கலாம். சொல்லமாட்டார். "மெஷின் தெரிஞ்சவன் செஞ்ச வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கொலைகாரன் விஷயத்தில் அவருக்கு ஒரு நிலையான கோட்பாடு உண்டு. மேல்நாட்டு மாளிகை என்றால் நமக்கு அந்நியம். அவருக்கோ அது தொரை பங்களா. சமையல்காரன் பங்களா அப்பு, தோட்டக்காரன் தோட்டக்காரன், செயலாளர் பெரிய கிளாக்கர். யார் எந்தக் கதவால் வரலாம், யார் எந்தக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. பங்களாவில் வெள்ளிக் கரண்டி காணாமல் போனால் முதலில் யாரை விசாரிப்பார்கள், கடைசியில் அது யாருடைய பெட்டிக்குள் இருக்கும் என்பதும் தெரியும். அதனால் வேலைக்காரன் மேல் சந்தேகத்தைத் திருப்பும் விளையாட்டுக்கு அறுபது நிமிடம்கூடக் கொடுக்க மாட்டார். "அப்புவுக்கு எல்லாம் தெரியும். ஆனா செய்யமாட்டான். செய்ய நேரம் எங்க இருக்கு அவனுக்கு? மூணு நேரச் சமையல்!" துப்பறியும் இலக்கியத்தில் இவ்வளவு உறுதியான வாதத்தை நான் சந்தித்ததில்லை.

வீட்டம்மாவின் கட்சி வேறு. அவருடைய போனில் இருப்பது "ஜூன்ஸ் ஜேர்னி". 2017இல் பெர்லினில் உள்ள வூகா நிறுவனம் வெளியிட்டது. 1920களின் பெண் ஜூன் பார்க்கர், செத்துப்போன சகோதரி கிளேரின் வழக்கைத் துருவப் புறப்படுகிறாள். சகோதரியின் மகள் வர்ஜீனியா அவள் பொறுப்பில். இதில் ஒரு மணித்தியாலக் கணக்கு இல்லை, முடிவும் இல்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்தது வரும். அம்மாவுக்குக் கொலையில் அக்கறையே கிடையாது. இடையில் ஆர்க்கிட் தீவு என்று ஒன்றைக் கொடுத்து, பூச்செடி நட்டு, வீடு கட்டி அலங்கரிக்கச் சொல்கிறார்கள். அலங்கரித்தால்தான் அடுத்த காட்சி திறக்கும். உலகமெங்கும் பொறுமையற்ற விளையாட்டுக்காரர்கள் இதைத்தான் திட்டுகிறார்கள். அம்மாவின் முறைப்பாடு நேரெதிர்: "செடி வாங்கக் காசு சேர்க்கணும்னா திரும்பத் திரும்பப் பொணம் கிடந்த எடத்துக்குப் போகச் சொல்றானுங்க." ஜூனைப் பற்றியும் அவருக்குத் திருப்தி இல்லை. உடுப்பு நன்றாகத்தான் உடுக்கிறாள். ஆனால் பெற்றோர் இல்லாத பிள்ளையை விட்டுவிட்டுக் கப்பலேறுவது என்ன பழக்கம்?

ஸ்டேஷன் பக்கத்து த்ரீவீல் ஸ்டாண்டில் மூன்றாவது கட்சி. அங்கே "கிரிமினல் கேஸ்". பாரிஸில் உள்ள பிரிட்டி சிம்பிள் 2012இல் கொண்டுவந்தது. இதில் தேடுவதற்குச் சக்தி வேண்டும். நிறைந்த கணக்கு 110, ஒரு காட்சிக்குச் செலவு 20, தீர்ந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும். அப்படியென்றால் ஒரு காட்சிக்கு ஒரு மணித்தியாலம். வெளிநாட்டுக்காரர்களை அம்புலுவாவ உச்சிக்கு ஏற்றிப்போய், அந்தச் சுழல்கோபுரத்தில் அவர்கள் கால் நடுங்கப் படமெடுத்து இறங்கும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டால் இருபது ஊறியிருக்கும். ஸ்டாண்டில் இப்போது அதுவே அளவை: "இன்னும் ஒரு அம்புலுவாவ போனா கேஸ் முடிஞ்சிரும்." கொலைகாரனைக் கைது செய்து, வழக்கையே மூடிக் காட்டுகிற விளையாட்டு இது. அதுதான் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. பிரேதப் பரிசோதனை முடிவுக்கு மணிக்கணக்கில் காக்க வைப்பதையும் ஏற்கமாட்டார். "செத்தவன் காத்திருப்பான். நான் ஏன் காத்திருக்கணும்?"

ஒரு போயா விடுமுறைக்கு இவர்கள் எல்லோரும் சேர்ந்து எம்பெக்கே தேவாலயத்துக்குப் போனார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். கம்பளை தலைநகராக இருந்த காலத்து, மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் பெயரோடு சேர்ந்த கோயில். மேளமண்டபத்து மரத்தூண்களில் இரட்டைத் தலைப் பருந்து, மல்யுத்தக்காரர், அன்னம், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத உருவங்கள். மொத்தம் 514 செதுக்கல்கள் என்று கணக்கு. மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஐயா விசாரணையைத் தொடங்கிவிட்டார். கண்ணாடி இறங்கியது. தூண் தூணாக நின்று, விரலால் தொடாமல் காற்றில் தட்டிக்கொண்டே போனார். "காட்சி நல்லா இருக்கு. பட்டியல்தான் இல்லை" என்றார். கூரையில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். அங்கே அவர் போட்ட தரம் இதுவரை எந்த விளையாட்டுக்கும் கிடைக்காதது. இங்கே எழுதினால் கம்பனிகள் கோபிக்கும்.

யாரோ ஒருவர் போகிறபோக்கில், இந்தத் தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து கொண்டுவந்தவை என்று ஒரு கதை உண்டு என்றார். சொல்லியிருக்கக் கூடாது. திரும்பும் வழி முழுக்க வழக்குத்தான். காணாமல் போன பொருள்: ஒரு மண்டபம். காணாமல் போன இடம்: நம்ம டவுன். கண்டெடுத்த இடம்: மேற்படி கோயில். சந்தேக நபர்? த்ரீவீல்காரர் கோயில் கபுராளையைச் சொன்னார். அம்மா தச்சரைச் சொன்னார். ஐயா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "மண்டபத்தையே தூக்கிட்டுப் போகச் சொல்ல யாரால முடியும்? ராசாவைத் தவிர?"

கோட்பாட்டுக்குச் சோதனை போன ஏப்ரல் விடுமுறையில் வந்தது. கட்டாரிலிருந்து வந்த பேத்தி "ரேவன்ஹர்ஸ்ட்"டைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு நாளில் முடித்துவிட்டாள். கதையின் நாயகி எம்மாவின் வாழ்வைக் கெடுத்தது, அவள் கட்டிக்கொள்ள மறுத்த சார்ல்ஸ் டாலிமார். அப்புவும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை, சீமான். வீடு ஒரு நிமிடம் அசந்துபோனது. ஐயா அசரவில்லை; பிளேன்டீயை உறிஞ்சிவிட்டு, "அதான் முதல் மணித்தியாலத்திலேயே தெரிஞ்சுபோச்சே" என்றார். மிச்சத்தை நீங்களும் விளையாடுங்களேன் தாத்தா என்று பேத்தி லெப்டொப்பைத் தள்ளினாள். வேண்டாமென்று தலையாட்டினார்.

மறுநாள் அவர் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் சியாட்டிலுக்கு அனுப்பினார். ஆங்கிலத்தில், தொழிற்சாலையில் ஏலத் தரகருக்கு எழுதும் நடையில். தங்கள் சரக்கு கிடைத்தது, சாயம் பிரகாசம், வாசம் போதுமானது, குச்சி அதிகம். குற்றவாளியைப் பற்றிய தங்கள் முடிவோடு உடன்படுகிறேன். சோதனை நேரத்தை ஒன்றேகால் மணித்தியாலமாக்கினால் உதவியாக இருக்கும். அதற்கு மேல் தேவையில்லை.