முள்ளிக்குளம் கைநெசவுச் சங்கம்: அங்குரார்ப்பணக் கூட்டத்துக்கு அனுமதி கோரல்

கைப்பணி, நெசவு, வாழ்வாதாரம், காணி, காடு, கடல் ஆகிய சகலத்தையும் பொறுப்பேற்றிருக்கும் மேன்மைதங்கிய அதிகாரத்துக்கு,

எந்தத் திணைக்களத்துக்கு எழுதுவது என்று சில நாள் யோசித்தேன். ஓலைக்கு ஒரு சபை, நூலுக்கு ஒரு திணைக்களம், காட்டுக்கு ஒன்று, காணிக்குப் பல. எங்கே அனுப்பினாலும் கடிதம் ‘உரிய நடவடிக்கைக்காக’ அடுத்த கந்தோருக்குப் போகத்தான் போகிறது. ஆகவே எல்லோரையும் ஒரே விளிப்பில் அடக்கிவிட்டேன். முத்திரைச் செலவு மிச்சம்.

விடயத்துக்கு வருகிறேன். முசலிப் பிரதேசத்தின் தென் கோடியில், வில்பத்துக் காட்டுக்கு வடக்கே, கடலோரமாக இருக்கும் முள்ளிக்குளத்தில் ஒரு கைநெசவுச் சங்கம் தொடங்க உத்தேசித்திருக்கிறேன். நான் அந்த ஊரவன் அல்லன். என்னைச் செயலாளராக எவரும் முன்மொழியவில்லை, வழிமொழியவுமில்லை. சங்கமே இன்னும் இல்லை. ஆயினும் போர் முடிந்த நாள் முதல், வடக்கில் ஒரு கிராமத்துப் பெண்கள் வாய் திறந்து எதைக் கேட்டாலும் தங்களிடம் மூன்று மறுமொழிகள் ஆயத்தமாக இருப்பதைக் கவனித்து வருகிறேன்: கோழிக்குஞ்சு, தையல் மெசின், பன்னவேலைப் பயிற்சி. இந்த மூன்றாவது மறுமொழியை நம்பித்தான் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன். நிகழ்ச்சி நிரலைக் கீழே தருகிறேன். தங்கள் அங்கீகாரம் கிடைத்ததும் மங்கள விளக்கு ஏற்றலாம்.

1. கூட்டம் நடைபெறும் இடம்

ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தை ஊரில் வைப்பதுதான் வழக்கம். இங்கே ஊர் கொஞ்சம் உபயோகத்தில் இருக்கிறது. 2007 செப்டம்பரில் சனத்தை எழுப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அங்கே வடமேல் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. ஊரவர்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு, தங்கள் ஊருக்கு அயலூரவர் ஆனார்கள்.

என்றாலும் வழியில்லாமல் இல்லை. ஊர்க் கோயில் உள்ளே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சனத்தைப் போகவிட்டதும் உண்டு. ஆகவே பூசை முடிந்த கையோடு கோயில் முற்றத்திலேயே கூட்டத்தை நடத்தலாம். காவலரணில் போவோர் வருவோரை எண்ணிவிடுவார்கள் என்பதால் சங்கத்துக்கு வரவுப் புத்தகம் வாங்கும் செலவில்லை. ‘சென்ற கூட்டத்தில் சமுகமளிக்காதோர்’ என்ற பந்தியும் தேவைப்படாது. இத்தனை ஒழுங்கான சங்கம் இலங்கையில் வேறெங்கும் அமையாது.

2. மூலப்பொருள்

இந்தக் கரையின் நெசவுக்கு நூல் ஆலை வேண்டாம். பனையில் சார்வோலை இருக்கிறது, குளத்தோரத்தில் பன் இருக்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயத்தில் தோய்த்து இழைத்தால் பாய், தடுக்கு, பெட்டி, கடகம், உமல், நீத்துப்பெட்டி. பன்னை வெட்டிக் காயவைத்தால் பன்பாய். டொலர் ஏறினாலும் இறங்கினாலும் இந்தச் சரக்கின் விலை அசையாது. போய் வெட்டிக்கொண்டு வந்தால் போதும்.

சிக்கல் அந்தப் போக்குவரத்தில் மட்டுந்தான். ஊரும் குளமும் வயலும் வேலிக்கு அந்தப்பக்கம். இழைக்கத் தெரிந்த கைகள் இந்தப்பக்கம். தேசிய பாதுகாப்புக்குப் பன் எவ்வளவு இன்றியமையாதது என்று நான் அறியேன். குளத்துக்கு ஒரு போர்க்கப்பலும் வந்ததாகக் கேள்விப்படவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கத்துக் காணியைத் திருப்பிக் கேட்டு ஊரவர்கள் ஏற்கெனவே ஒரு கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். 2017 மார்ச் 23 அன்று தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் வரவேற்பு நடனம் இல்லை, பிரதம அதிதியின் தாமத வருகை இல்லை, மாலை மரியாதை இல்லை. குழந்தை குட்டிகளோடு, வெயிலில், 38 நாள் உட்கார்ந்தார்கள். கோரம் ஒரு நாளும் குறையவில்லை. ஏப்ரல் 29 அன்று கடற்படைத் தளபதி 100 ஏக்கரை விடுவிக்க இணங்கினார். ஒரேயொரு தீர்மானம், அதுவும் நிறைவேறியது என்று கூட்டக் குறிப்பில் எழுத முடிந்த கூட்டங்கள் இந்த மாவட்டத்தில் அபூர்வம். தலைமையகம் மட்டும் இடம்பெயரவில்லை.

போராட்டம் தொடங்கிய மறுநாள், மார்ச் 24 அன்று, இன்னொரு கைவேலையும் நடந்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடியே ஒரு வர்த்தமானிக்குக் கையொப்பமிட்டார். மறிச்சுக்கட்டி, மாவில்லு முதலிய இடங்களைச் சேர்த்து, ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் மாவில்லு பேணற்காடு ஆயிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, இருபது வருடம் கழித்துத் திரும்பிய முஸ்லிம் சனம் தங்கள் பழைய வளவுகள் வனமாகிவிட்டதாகச் சொல்லி அங்கேயும் தெருவில் அமர்ந்தது. ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் காடு. இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் தங்களுக்கு ஒரு கோவை மிச்சமாகும் என்று பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

3. பயிற்சி

இதில் தங்கள் திறமையைக் கேள்வி கேட்க எவருக்கும் அருகதை இல்லை. பதாகை வரும். கோப்பும் பேனையும் வரும். வளவாளர் வருவார். தாய் மடியில் இருந்தே பெட்டி இழைக்கப் பழகியவளுக்குப் பெட்டி இழைப்பது எப்படி என்று விளக்குவார். அவள் அவருடைய பின்னலில் விட்டுப்போன கண்ணியைச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பாள். புகைப்படத்தில் இருவரும் சிரிப்பார்கள். அடிக்குறிப்பில் ‘பயனாளி’ என்று அவளுடைய பெயர் இருக்கும்.

கடைசியில் சான்றிதழ். அதைச் சட்டம் போட்டு மாட்டச் சுவர் வேண்டும். அந்தச் சுவரும் வேலிக்கு உள்ளே.

4. சகோதரச் சங்கங்களின் வாழ்த்துச் செய்திகள்

தறியில் நெய்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. முதல் செய்தி நம் நாட்டிலிருந்தே. இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் ஊருக்கூர் தறிச்சத்தம் கேட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்தது. மலிவுத் துணி வந்து இறங்க இறங்க, நெசவு நிலையங்கள் ஒவ்வொன்றாகப் படலையைச் சாத்தின. கிழக்கே மருதமுனை போன்ற ஊர்கள் பிடிவாதத்தால் நெய்துகொண்டிருந்தன. பொருளாதாரம் திறந்த மறுவருடம் பனைக்கென்று தனியாக ஒரு சபை பிறந்தது. ஒன்றைக் கைவிட்ட மறுகணமே இன்னொன்றுக்குச் சபை அமைக்கும் வேகத்தை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அடுத்த செய்தி பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் என்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய தமிழ்நாட்டில், நெசவாளருக்கு எதுவும் குறைவில்லை. கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்து 22 துணிவகைகளை இந்திய அரசு ஒதுக்கியது. நெசவாளருக்கு மனப்பாடம் செய்யக் கஷ்டமாக இருக்குமே என்றோ என்னவோ, பிறகு அதை 11 ஆகச் சுருக்கியது. 2015 ஓகஸ்ட் 7 அன்று சென்னையில் வைத்து, முதலாவது தேசியக் கைத்தறி நாளைப் பிரதமரே தொடக்கிவைத்தார். 2020இல் பெருந்தொற்றில் தறி நின்று, சேலை தேங்கிக் கிடந்த நேரம், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை ஜூலை 27 அன்று கலைத்தார்கள். கைத்தறி நாளுக்குச் சரியாகப் பதினொரு நாள் இருந்தது. நாள் கொண்டாட்டத்துக்குக் குந்தகம் வராமல் வாரியத்தை முன்கூட்டியே அப்புறப்படுத்திய நேர்த்தி கவனிக்கத்தக்கது.

இரண்டு செய்திகளையும் வாசித்தபின் எங்கள் சங்கத்துக்கு ஒன்று விளங்குகிறது. நெய்கிறவர் நூல் கேட்டால் அதிகாரம் நாள் கொடுக்கும். விலை கேட்டால் விருது கொடுக்கும். முள்ளிக்குளத்தார் காணி கேட்டார்கள். ஆகவே அவர்களுக்கும் ஏதோவொரு பெரிய கௌரவம் காத்திருக்கிறது என்று அஞ்சுகிறோம்.

5. தீர்மானம்

தங்களிடம் உதவி வாங்கி வாங்கி நாடு களைத்துவிட்டது. ஆதலால் இம்முறை சங்கமே தங்களுக்கு ஒரு பயிற்சி வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. தலைப்பு: ‘பிறருடைய ஊரைவிட்டு வெளியேறுதல் — மூன்று நாள் வதிவிடப் பயிற்சிப் பட்டறை.’

முதலாம் நாள் வரைபட வாசிப்பு: எது கடல், எது குளம், எது ஒரு கிழவியின் கிணற்றடி என்று அடையாளம் காணல். இரண்டாம் நாள் உறுதி வாசிப்பு: பழைய காணி உறுதிகளில் உள்ள பெயர்களை உரத்துப் படித்தல். ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் எழுந்து கையுயர்த்துவார். மூன்றாம் நாள் களப்பயிற்சி: படலையைத் திறத்தல். இது கைவேலை. இரண்டு பேர் போதும், அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்காது.

பதாகை உண்டு, பகல் சாப்பாடு உண்டு. வெற்றிகரமாக நிறைவுசெய்வோருக்குச் சான்றிதழும், அதை வைக்க ஓலையில் இழைத்த கோப்பு ஒன்றும் வழங்கப்படும். ஓலை எங்கிருந்து வரும் என்று கேட்கத் தேவையில்லை. அது மூன்றாம் நாள் மாலைதான் வெட்டப்படும்.

இந்தப் பட்டறை நடந்தால் கோழிக்குஞ்சும் தையல் மெசினும் வேண்டாம் என்று எழுத்தில் தரவும் ஆயத்தம். குளமும் வயலும் கைக்கு வந்த சனத்துக்கு வாழ்வாதாரம் என்ற சொல்லைத் தாங்கள் சுமந்து வந்து இறக்க வேண்டியிருக்காது.

6. நன்றியுரை

இதற்கு மட்டும் இன்னும் எவரும் பெயர் தரவில்லை. காணி விடுவிப்பு வர்த்தமானியின் பிரதியொன்றை அனுப்பிவைத்தால், அடுத்த கூட்டத்தில் இதை முதலாம் இலக்கத்துக்கு மாற்றிக்கொள்வோம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
தற்காலிகச் செயலாளர்
(தெரிவு, அங்கத்தவர்கள் ஊர் திரும்பிய பின்)

பிரதிகள்: மேற்சொன்ன சகல திணைக்களங்களுக்கும், உரிய நடவடிக்கைக்காக ஒன்றையொன்று பார்க்கும் பொருட்டு.