பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டர்!

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கி கடலூர் சில்வர் பீச்சில் இறங்கப் போகிறேன். முதல் நாள் என்ன கிடைக்கும்?
– கல்லூரி மாணவர், அண்ணாமலை நகர்

பதில்: சோடா மூடி. இரண்டாம் நாளும் சோடா மூடி. மூன்றாம் நாள் கூல்டிரிங்க் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம் கிடைக்கும். தங்க மோதிரமும் அந்த வளையமும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே குரலில்தான் கேட்கும். குப்பை வேண்டாம் என்று அந்த ஒலியை அடைத்து வைத்தால் மோதிரமும் கூடவே போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் தோண்டுங்கள், தோண்டிய குழியை மூடுங்கள், மூடியைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பீச்சாவது சுத்தமாகும்.

கேள்வி: எந்த மாதிரி கருவி வாங்கலாம்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உப்புத் தண்ணீரில் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசையில் ஓடும் மலிவுக் கருவி ஈர மணலுக்குப் போனதும் காரணமே இல்லாமல் கத்தத் தொடங்கும். பல அலைவரிசையில் ஓடுவது, அல்லது 'பல்ஸ்' வகை, தாக்குப்பிடிக்கும். பட்ஜெட் இடிக்கிறதா? காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே ஓட்டை போட்ட ஒரு சல்லடைக் கரண்டி போதும். மண்வெட்டி எடுத்துப் போனால் மணல் திருட வந்தவர் என்று நினைப்பார்கள்.

கேள்வி: யாரிடம் அனுமதி கேட்பது? பீச் பொதுச் சொத்துதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: பொதுச் சொத்து என்றால் எல்லோருக்கும் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம், புறம்போக்கு என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கிறது. மஞ்சக்குப்பத்துக்காரருக்கு கலெக்டர் ஆபீஸ் நடக்கும் தூரம்தான். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு கொடுங்கள்: எந்த இடம், எந்தக் கருவி, கையால் எவ்வளவு ஆழம் தோண்டுவேன், கிடைத்ததை என்ன செய்வேன். நகல் ஒன்று மாநகராட்சிக்கு, ஒன்று போலீஸுக்கு. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸார் ரோந்து வரும் கரை இது. ஹெட்போனும் கம்பியுமாக ஒருவர் மணலைத் தடவிக்கொண்டிருந்தால் விசாரிக்காமல் போகமாட்டார்கள். விசாரிக்காமல் போனால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான அனுமதி ஒன்று உண்டு, அதற்கு முத்திரை கிடையாது. தேவனாம்பட்டினமோ சாமியார்பேட்டையோ, படகு ஏற்றி வலை காயப்போடும் மணல் அந்த ஊர் மீனவர்களுடைய அன்றாடம். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, "இன்ன வேலைக்கு வந்திருக்கேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். எந்த இடத்தில் அலை எதைக் கொண்டுவந்து ஒதுக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்தக் கருவிக்கும் அந்த அறிவு கிடையாது.

கேள்வி: ஒரு குடம் நிறையப் பொற்காசு கிடைத்தால்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: கனவிலும் பலாப்பழ சைஸில் காண்கிறீர்கள்! 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். 1878-இல் பத்து ரூபாய் பெரிய பணம். இன்று நாலு சுண்டல் பொட்டலத்துக்குக் காணாது. தொகையை யாரும் மாற்றவில்லை.

என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று எழுதிக்கொடுத்து, பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஜாமீன் தரவேண்டும். உரிமை கோருபவர்கள் வரலாம் என்று அறிவிப்பு போட்டுக் குறைந்தது நாலு மாதம் காத்திருப்பார்கள். சொந்தக்காரர் யாரும் இல்லை என்றானால், இடத்துக்காரரோடு வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுத்தவருக்கு முக்கால், இடத்துக்காரருக்குக் கால். கடற்கரைக்கு இடத்துக்காரர் யார் என்று கேட்டால் அதுவும் கலெக்டர் ஆபீஸில் போய்த்தான் நிற்கும். அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தந்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு.

காசு நூறு வயது தாண்டியது என்றால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் வந்து நிற்கும். துபாயில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பி விற்கச் சொல்லும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நேற்று தொலைந்த மோதிரம் கிடைத்தால்? அதுவும் புதையலா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: அது புதையல் இல்லை, யாரோ ஒருவர் வீட்டில் இன்னும் ஓயாத சண்டை. சொந்தக்காரரைத் தேடிப் பார்க்காமல் நமக்கே என்று வைத்துக்கொண்டால் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 314. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கம் தேடினால் பீரங்கிக் குண்டு கிடைக்குமாமே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: 1690-இல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து என்று ஆங்கிலேயர் பேசி முடித்தார்கள். நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கடலூரில் குண்டுச் சாலை இன்றும் இருக்கிறது. ஆக, குண்டைத் தேட நூறு கஜம் தோண்ட வேண்டாம், டவுன் பஸ்ஸில் போகலாம். பழைய கோட்டை, கோயில் பக்கம் கருவியோடு போகவே போகாதீர்கள். காசை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால், எந்த அடுக்கில் எதோடு கிடந்தது என்ற கதை அதோடு போயிற்று. நமக்கு மிஞ்சுவது வெறும் செம்பு.

கேள்வி: பரங்கிப்பேட்டை எப்படி?
– வாசகர், புவனகிரி

பதில்: தன் பெயரிலேயே வராகன் புழங்கிய துறைமுகம். ஆசை வருவது நியாயம். ஆனால் 1830-களில் ஹீத் என்பவர் அங்கே இரும்பு உருக்காலை நடத்தினார் என்பதையும் நினைவில் வையுங்கள். இரும்புக்கெல்லாம் கூவினால் அந்த ஊரில் கருவிக்குத் தொண்டை கட்டிவிடும்.

கேள்வி: பிச்சாவரம்?
– அதே வாசகர்

பதில்: சுரபுன்னை வேரில் கருவி மாட்டும். வனத்துறையிடம் நீங்கள் மாட்டுவீர்கள்.

கேள்வி: எப்போது போனால் நல்லது?
– வாசகர், சிதம்பரம்

பதில்: யூடியூபில் வெள்ளைக்காரர் கடல் வற்றிய வெளியில் மைல் கணக்கில் நடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கரையை அரித்துப் போட்ட மறுநாள் நல்லது. மேல் மணல் போய், கனமானது தங்கியிருக்கும். மாசி மகத்தில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் வந்து இறங்கும். அத்தனை பேர் முழுக்குப் போட்டால் கொலுசு, மூக்குத்தி நழுவாமல் இருக்குமா? ஆனால் அதே தை, மாசி, பங்குனி இரவுகளில்தான் பங்குனி ஆமையும் முட்டையிடக் கரையேறும். ஆகவே விடிந்தபின் போங்கள். ஆமை ஏறிய தடம் கண்டால் கருவியை அணைத்துவிட்டு விலகி நடங்கள்.

கேள்வி: தங்கம் தேடப் போகிறேன் என்று இவர் தினமும் விடியற்காலையில் கிளம்புகிறார். நம்பலாமா?
– வாசகி, புதுப்பாளையம்

பதில்: தாராளமாக. திரும்பி வந்ததும் சட்டைப் பையைப் பாருங்கள். சோடா மூடி இருந்தால் அங்கேதான் போயிருக்கிறார்.